அடிநீரும் செம்புக் கம்பியும்

படகின் மேற்றளத்தைக் கண்டு அதன் நலத்தைக் கூறுவோர் பலர். பலகையைப் பெயர்த்து அடிவயிற்றை நோக்குவோர் சிலரே. நானும் நெடுங்காலம் முதற் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொண்டிக் கரையில் எங்கள் வாப்பா 1984-ஆம் ஆண்டில் கட்டுவித்த மரப்படகு, அன்னார் 2011-இல் மறைந்தபின் என் பொறுப்பில் வந்தது. மாதந்தோறும் அடிப்பலகையைத் தூக்கி, தேங்கிய நீரை இறைத்து, திருப்புளியால் மரத்தை அங்குமிங்கும் குத்திப் பார்ப்பது அவர் வழக்கம். இயற்பியல் கற்ற எனக்கோ அது வீண் வேலையாகத் தோன்றிற்று.

நான் நம்பியது பாடநூலை. கடல்நீரில் வெண்கலப் புரொப்பெல்லரும் இரும்புப் போல்ட்டும் ஒன்றோடொன்று தொடர்புற்றால் ஒரு மின்கலமே உருவாகிவிடும். எளிதில் வினைபுரியும் உலோகம் கரையும். அனைத்தையும் செம்புக் கம்பியால் பிணைத்துத் துத்தநாகத்தோடு சேர்த்துவிட்டால், துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு ஏனையவற்றைக் காக்கும். 2013-இல் அவ்வாறே கம்பி ஓட்டினேன். ஒரு கட்டி போதும் என்று பட்டறையில் கூறியும் கேளாது, காவல் மிகுதல் நன்றே எனக் கருதி நான்கு கட்டிகளைப் பூட்டினேன்.

2018-ஆம் ஆண்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றினோம். அடிவயிற்றைத் துப்புரவு செய்யவே மூன்று நாள் ஆயிற்று. எண்ணெய் கலந்த கருஞ்சேறு, மீன் செதில்கள், வலைத்துண்டுகள், யாரோ தேடிச் சலித்த ஒரு கரண்டி! விலா மரங்களாகிய வங்குக்கால்களின் அடியில் நீர் ஓடுவதற்கென விட்டிருந்த துளைகள் யாவும் தூர்ந்துபோயிருந்தன. நீரிறைக்கும் மின்பம்பின் கம்பி இணைப்போ, வெறும் ஒட்டுநாடா சுற்றப்பட்டு அந்நீரிலேயே கிடந்தது. உலோகங்களுக்கிடையே எழும் மின்னோட்டம் பல ஆண்டுகளில் செய்யும் கேட்டை, பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டம் சில நாள்களிலேயே செய்துவிடும்.

படகு கட்டும் முதிய ஓடாவியார் ஒரு போல்ட்டைக் கழற்றி என் கையில் தந்தார். துருவின் சுவடே இல்லை. என் நெஞ்சு சற்றே நிமிர்ந்தது. அவர் ஒன்றும் பேசாமல், போல்ட்டு இருந்த துளையைச் சுற்றித் திருப்புளியை அழுத்தினார். அவித்த கிழங்கில் இறங்குவதுபோல் அது இறங்கிற்று. துளையின் வாயில் உப்புப் போன்ற வெண்பொடி படிந்திருந்தது.

'போல்ட்டக் காப்பாத்திட்டீங்க தம்பி, மரத்த வேகவச்சிட்டீங்க' என்றார்.

உண்மை அதுவே. காக்கப்படும் உலோகத்தின் முகத்தில் காரம் உண்டாகின்றது. துத்தநாகம் மிகுந்தால் காரமும் மிகும். அது மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் பொருளைக் கரைத்துவிடும். உலர்ந்த மரம் மின்னோட்டத்திற்கு எளிதில் வழிவிடாது. நீர் ஊறிய மரமோ வழிவிடும். தேங்கிய அடிநீர் என் தவற்றுக்குத் துணைநின்றது. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில வேதியியலார், போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டை இம்முறையால்தான் காக்க முனைந்தார். செம்பு கரையாமல் நின்றது. கரைந்த செம்பின் நஞ்சு இல்லாமையால் கொட்டலசுகள் தகட்டில் அப்பிக் கப்பலின் வேகம் குன்றிற்று. அறிஞருக்கே அந்நிலை எனில் என்போன்றோர் எம்மாத்திரம்!

வெந்துபோன வங்குக்கால்கள் இரண்டை அகற்றிக் கருவேல மரத்தில் புதியன இட்டோம். துளைகளைத் தூர்வாரினோம். பம்பின் இணைப்பை நீர்மட்டத்திற்கு மேலே ஏற்றி, ஃபியூஸும் வைத்தோம். துத்தநாகம் ஒன்றாகக் குறைந்தது. மரத்தினுள் உலர்ந்திருக்கும் போல்ட்டுகளைப் பிணைப்பினின்று விடுவித்தோம். செலவைப் பற்றி உம்மாவிடம் முழுவதும் கூறவில்லை.

ஜூன் 15 விடியலில் படகு நீரில் இறங்கிற்று. அடுத்த மாதம் வாப்பாவின் திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு பலகையைப் பெயர்த்தேன். இயந்திரத்தின் இடப்பக்கத்து வங்குக்கால் ஒன்றில் மட்டும் முனை சிறிது இறங்கிற்று. அதனை 2019-ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் மாற்றினோம்.