அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு குடும்பம்

ஆடி பிறந்தால் ஈரோடு மாவட்டத்து விவசாயிகளுக்கு அந்தியூர் நினைப்பு வந்துவிடும். அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் தேர்த் திருவிழா. அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தை தமிழ்நாடு முழுவதும் பேர்பெற்றது. திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்கத் தொடங்கிய சந்தை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மாடு, ஆடு, கோழி எல்லாம் விற்றாலும் இன்றைக்கும் அதற்குக் குதிரைச் சந்தை என்றுதான் பெயர்.

பவானிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பியது. இரண்டு ஏக்கர் மஞ்சள், நான்கு மாடு வைத்திருப்பவர்கள். மஞ்சளுக்குக் களையெடுத்து முடித்த கையோடு கிடைத்த ஒரு நாள். காலைப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு அப்பா, அம்மா, அப்பத்தா, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன் ஐந்து பேரும் பஸ் ஏறினார்கள். பவானியிலிருந்து அந்தியூர் சுமார் 20 கிலோமீட்டர்.

ஏறும் முன் அம்மா ஒரு சீட்டில் கணவரின் செல்போன் நம்பரை எழுதிப் பையன் சட்டைப்பையில் வைத்து ஊக்குப் போட்டார். மகள் சிரித்தாள். "நீ நம்பரை மனப்பாடமாச் சொல்லுவே. அவன் சொல்லுவானா கண்ணு?" என்றார் அம்மா.

சந்தைக்குள் நுழைந்ததும் அப்பத்தா நின்றுவிட்டார். எதிரே போலீஸ் உதவி மையத்துப் பந்தல். "யாராச்சும் பிரிஞ்சு போனா ஆளுக்கொரு பக்கம் தேடிட்டுத் திரியாதீங்க. நேரா இந்தப் பந்தலுக்கு வந்து நில்லுங்க" என்று பேரப்பிள்ளைகளிடம் கையை நீட்டிக் காட்டினார்.

முதலில் மாட்டு வரிசை. வெள்ளையும் சாம்பலுமாகக் காங்கேயம் காளைகள். செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மலை மாடுகள். அப்பாவுக்கு அது சொந்த வீடு மாதிரி. ஒரு காளையின் முதுகைத் தட்டினார், இன்னொன்றின் பல்லைப் பிடித்துப் பார்த்தார், விலை கேட்டார்.

அடுத்தது குதிரை வரிசை. மார்வாரிக் குதிரையின் காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அதைப் பார்க்கப் பையனுக்கு ஆசை. மாட்டு வரிசையில் நடந்த மாதிரியே, மகன் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா குதிரைகளுக்குப் பின்பக்கமாகவே நடந்தார்.

"அண்ணா, நில்லுங்க!" என்று குதிரைக்காரர் சத்தம் போட்டார். ஓடி வந்து இருவரையும் விலக்கி நிறுத்திய பிறகுதான் பேசினார். "மாடு காலைப் பக்கவாட்டுல வீசும். குதிரை ரெண்டு காலையும் நேராப் பின்னால வீசும். இவன் உயரத்துக்கு அது மூஞ்சியில படும்."

கண்கள் இருபக்கமும் இருப்பதால் குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து சத்தமோ ஆளோ வந்தால் மிரண்டு உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டே, தோள்பக்கமாக அணுக வேண்டும். பின்பக்கம் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போக வேண்டும். காதைப் பின்னால் மடக்கினால் கோபம் என்று அர்த்தம். இத்தனையும் சொல்லிவிட்டு, பையனைத் தூக்கித் தோள்பக்கமாகக் காட்டினார் குதிரைக்காரர். வளைந்த காதை அவன் பக்கத்தில் பார்த்தான்.

மாட்டோடு இருபது வருஷம் பழகிய அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அவரைத் தைரியமாகப் பின்பக்கம் நடக்க வைத்தது.

மதியத்துக்கு மேல் கூட்டம் நெரிந்தது. மூக்கணாங்கயிறு விலை பேசிவிட்டுத் திரும்பிய அப்பா, பையன் அம்மாவிடம் இருக்கிறான் என்று நினைத்தார். அம்மா, அவரிடம் என்று நினைத்தார். பையன் இரண்டு பேரிடமும் இல்லை.

அப்பாவின் கண் முதலில் போனது குதிரை வரிசைக்கு. அந்தப் பக்கம் ஓடப் பார்த்தவரை மகள் பிடித்து இழுத்தாள். "அப்பத்தா சொன்ன பந்தலுக்குப் போலாம்ப்பா!"

பையன் அங்கேதான் இருந்தான், வளையல் கடைக்காரம்மா ஒருவரின் மடியில். அழுதுகொண்டு நின்றவனின் சட்டைப்பையில் ஊக்கைப் பார்த்துச் சீட்டை எடுத்திருக்கிறார். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. மேளச் சத்தத்தில் அப்பாவுக்குக் காதில் விழவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் பையனைப் பந்தலுக்குத் தூக்கி வந்துவிட்டார். சீட்டு மட்டும் இருந்து போதவில்லை, கூடும் இடமும் தேவைப்பட்டது. அதன் பிறகு, பையன் யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லியே கை மாற்றினார்கள்.

கிளம்பும்போது ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினார்கள். கால்நடைகளைத் தொட்ட கையோடு பொரி உருண்டைக்குப் போன பிள்ளைகளை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார் அம்மா. வீட்டு வாசலில் எல்லோரும் செருப்பைக் கழுவிய பிறகே தொழுவத்துப் பக்கம் போனார்கள். கோமாரி போன்ற நோய்கள் சந்தைச் சேற்றோடும் வீட்டுக்கு வரும். புதுக் குட்டியை மூன்று வாரம் மற்ற ஆடுமாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுவது, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவரைக் கேட்பது என்று முடிவானது.

சந்தைக்குப் போகிறவர்கள் 1098, 108 என்ற இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது குழந்தைகள் உதவிக்கு, அடுத்தது ஆம்புலன்சுக்கு.

அன்று இரவு பையன் தொழுவத்துக்குப் போனான். பசுவின் தோள்பக்கம் போய் நின்று, "நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தடவிக் கொடுத்தான்.