பினாங்குத் தீவில் சில நாட்கள்

கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் குடும்ப சகிதமாகப் பினாங்குத் தீவுக்குச் சென்றிருந்தோம். தீவுக்குச் செல்ல 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கிறது. ஆயினும் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி, கடற்காற்று வாங்கிக்கொண்டே ஜார்ஜ் டவுனில் இறங்குவதே உத்தமம்.

பினாங்கு மலைக்கு ரயிலிலேயே ஏறலாம். 1923-ல் தொடங்கிய மலை ரயில் இப்போது புது வண்டிகளுடன் ஓடுகிறது. உச்சியில் கீழேயுள்ள புழுக்கம் மறந்துபோகிறது.

இனி உணவு. ‘அசாம் லக்ஸா’ என்பது மீனும் புளியும் கொதித்த ரசத்தில் தடித்த அரிசிச் சேவை. மேலே அன்னாசி, வெங்காயம், புதினா. முதல் வாய்க்கு முகம் சுளித்த எமது மகள், கிண்ணத்தைக் காலி செய்த பிறகே நிமிர்ந்தாள். பாலிக் புலாவ் தோட்டங்களில் டுரியானைப் பறிப்பதில்லை. தானே பழுத்து விழுந்ததையே உண்கிறார்கள். அதன் வாசனையைப் பற்றி வாசகர்கள் கேளாதிருப்பதே நலம்!

‘நாசி கந்தர்’ வேறு விஷயம். நாசி என்றால் சோறு. கந்தர் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தண்டு. அந்நாளில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்கள். எமது பாட்டனாரின் தமையனாரும் இத்துறைமுகத்துக்குப் பிழைக்க வந்தவரே, ஊர் திரும்பவில்லை. இச்சோறுதான் அவர் பசியையும் ஆற்றியதோ? இலையின் முன் எம்மால் பேச இயலவில்லை.

மறுநாள், தைப்பூசக் காவடிகள் ஏறும் தண்ணீர்மலைப் படிகளில் ஏறி முருகனைத் தரிசித்து, ஒரு தீபம் ஏற்றினோம். வீட்டில் எவரும் எடுத்திராத அவர் பெயரை அன்றுதான் குழந்தைகளுக்குச் சொன்னோம்.