தலையெழுத்து

பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் கிளி ஜோசியர் முன்னால் ஒரு தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறானாம். கிளி கூண்டைவிட்டு வந்து அலகால் சீட்டுகளைத் தள்ளித் தள்ளி ஒன்றை எடுத்துக் கொடுத்தது. ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. படிப்பு அவ்வளவாக ஏறாது என்றார் ஜோசியர். "அவன் தலையெழுத்து அப்படின்னா நாம என்ன செய்ய முடியும்?" என்றார் தாய். பையன் குனிந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு பதறியது.

அதே சொல்லை முந்தின வாரம்தான் கிள்ளானில் கேட்டிருந்தேன். பெரியப்பாவின் இளைய மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் இரண்டு வருஷம். வண்டி வாங்கிக் கொடுத்தவர் பெரியப்பாதான். வாங்கித் தராமல் இருந்திருந்தால் என்று ஒரு வருஷம் தூங்காமல் கிடந்தவர் இப்போது, "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்டா" என்கிறார். அந்தச் சொல்தான் அவரைச் சோற்றில் கைவைக்க விடுகிறது. அதை மூடநம்பிக்கை என்று அவரிடம் வாதாட எனக்கு மனம் வராது.

திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது. 62ஆம் அதிகாரமோ, தளராமல் முயல்கிறவன் ஊழையே முதுகு காட்டி ஓடவைப்பான் என்கிறது. பள்ளியில் இதை வைத்துப் பட்டிமன்றம் நடத்தினோம். இன்று எனக்கு இது முரணாகப் படவில்லை. முன்னது பெரியப்பாவுக்கு, பின்னது அந்தப் பையனுக்கு. சைவ சித்தாந்தமும் அனுபவித்துத் தீர்க்க வேண்டிய பிராரத்தத்தையும் இப்போது செய்து சேர்க்கிற ஆகாமியத்தையும் தனித்தனியாகத்தானே வைத்தது. இடம் தெரியாமல் மாற்றிச் சொன்னால் மருந்தே நஞ்சாகிவிடும்.

தத்துவம் எதற்கு உதவும் என்பவர்களுக்கு நான் கிள்ளான் தோட்டங்களைத்தான் காட்டுவேன். 1941இல் அங்கே பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். லயத்தில் பிறந்தவன் விதி என்று எத்தனை பேர் அதுவரை இறங்கியிருப்பார்கள்! முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. மனிதனுக்குத் தன்னிச்சை உண்டா என்ற கேள்வியை அவர்கள் மிதியில் கால் வைத்துக் கேட்டார்கள்.

தாய் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "அக்கா, அந்த வார்த்தையைப் புள்ளகிட்ட இப்ப சொல்லாதீங்க" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"கணக்கு மட்டும்தான் கஷ்டமா இருந்துச்சு" என்றான் பையன், யாரும் கேட்காமலே.