குசினியில் இருந்த சாட்சி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

ஆங்கில தினத்துக்காக எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் பழகுகிறார்கள். பெயர் 'ட்ரைஃபிள்ஸ்'. தமிழில் 'சில்லறை விஷயங்கள்' என்று சொல்லலாம். 1916இல் அமெரிக்காவில் சூசன் கிளாஸ்பெல் என்ற பெண் எழுதியது. ஒரே ஒரு குசினி, ஐந்து பாத்திரங்கள், அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். போன கிழமை ஒத்திகை முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், இது உண்மையா நடந்ததா?"

நடந்ததுதான். சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கட்டும். எனக்கும் இதில் ஒப்புக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

1900 டிசம்பர் ஆரம்பம். அயோவா மாநிலத்தில் இந்தியனோலா என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. ஜோன் ஹொசாக் என்ற விவசாயி தூக்கத்திலேயே தலையில் கோடரியால் வெட்டப்பட்டு இறந்துபோனார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மார்கரெட், ஏதோ சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன், யாரையும் காணவில்லை என்றார். ஒன்பது பிள்ளைகளின் தாய். கணவனை அடக்கம் செய்த கையோடு அவரைக் கைது செய்தார்கள்.

அந்த வழக்கைப் பற்றி எழுத டெ மொய்ன் நகரப் பத்திரிகையொன்று அனுப்பிய நிருபர்தான் சூசன். வயது 24. டேவன்போர்ட் என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர், பல்கலைக்கழகம் முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கைப் பற்றி மட்டும் 26 செய்திகள் எழுதினார். ஆரம்பத்தில் எழுதியவை நன்றாக இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஊர் வாயில் வந்ததையெல்லாம் சேர்த்து, மார்கரெட்டை ஈரமில்லாத, பயங்கரமான பொம்பிளையாகக் காட்டினார். பத்திரிகை விற்க வேண்டுமே. இன்று நம் கைபேசிகளில் ஒரு பெண்ணைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் முதல் பத்து நிமிஷத்தில் நாம் என்ன எழுதுகிறோமோ, அதேதான்.

பிறகு அவர் அந்தப் பண்ணை வீட்டுக்கே போனார். அங்குள்ள குசினிக்குள்ளும் போனார். அதற்குப் பிறகு எழுதிய செய்திகளில் தொனி மாறுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே மார்கரெட் இப்போது வயது போன, களைத்துப்போன ஒரு தாயாகத் தெரிகிறார்.

வழக்கில் இன்னொன்றும் வெளிவந்தது. அந்த வீட்டில் சண்டை சச்சரவு இருந்தது அக்கம்பக்கத்தாருக்கு முன்பே தெரியும். கணவனுக்குப் பயந்து மார்கரெட் அயலவர்களிடம் உதவியும் கேட்டிருக்கிறார். வீட்டுக் கதையை வெளியே கொண்டுபோகாதே என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீதிமன்றத்திலோ அந்தச் சண்டைகளே கொலைக்கான காரணமாக அவருக்கு எதிராக வைக்கப்பட்டன. ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1901 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷம் மாநில உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 1903இல் இரண்டாவது விசாரணையில் ஜூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கொன்றது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

முதல் தீர்ப்போடு சூசன் நிருபர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கதை எழுதத் தொடங்கினார். கதைகள் விற்றன, நாவல்களும் வந்தன. 1913இல் ஜோர்ஜ் கிராம் குக் என்ற கனவுக்காரரைக் கல்யாணம் செய்தார். பழைய கிரேக்கத்தில் நாடகம் ஊருக்கே சொந்தமாக இருந்ததுபோல அமெரிக்காவிலும் வர வேண்டும் என்பது குக்கின் பைத்தியம். அந்தக் காலத்து நியூயோர்க்கின் பெரிய அரங்குகளில் ஓடியதெல்லாம் வியாபார நாடகங்கள். புதிதாக எழுதுபவர்களுக்கு இடமில்லை. இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தைப் புதுமை விரும்பும் குழுவொன்றுகூட மறுத்துவிட்டது. சரி, நாமே போடுவோம் என்று 1915இல் மாசசூசெட்ஸ் கரையோரத்து மீனவ ஊரான ப்ராவின்ஸ்டவுனில், ஒரு நண்பர் வீட்டு அறையில் போட்டார்கள். பிறகு இறங்குதுறையில் கிடந்த ஒரு பழைய மீன்வாடியை மேடையாக்கினார்கள். பலகைத் தரைக்குக் கீழே கடல். பெருக்கு வந்தால் அலைச் சத்தம் நாடகத்தோடு சேர்ந்து கேட்கும். எங்கள் கரையோரத்து ஆட்களுக்கு அந்த இடத்தை நான் விளக்கத் தேவையில்லை.

1916 கோடையில் யூஜின் ஓ'நீல் என்ற, யாருக்கும் தெரியாத இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். கப்பலில் சாகக் கிடக்கும் ஒரு மாலுமியைப் பற்றிய அவருடைய நாடகத்தைச் சூசன் வீட்டில் வைத்துத்தான் வாசித்தார்கள். அந்த மீன்வாடியில்தான் அது மேடையேறியது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அதே ஓ'நீல்தான்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நாடகம் இல்லை. "உன்னுடைய நாடகம் என்று அறிவித்துவிட்டேன்" என்கிறார் குக். என்னிடம் நாடகமே இல்லையே என்றால், அப்படியென்றால் எழுது என்கிறார். நம்ம வீடுகளிலும் இப்படி அறிவித்துவிட்டு வரும் ஆட்கள் இருக்கிறார்கள். சூசன் போய் அந்த வெறும் மேடைக்கு முன்னால் தனியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். கொஞ்ச நேரத்தில் மேடை ஒரு குசினியாக மாறியது. பதினைந்து வருஷத்துக்கு முன் பார்த்த அதே பண்ணைக் குசினி. பத்து நாளில் எழுதி முடித்தார். 1916 ஆகஸ்ட் 8ஆம் திகதி மேடையேற்றம். அயல்வீட்டுப் பெண் மிஸிஸ் ஹேலாகச் சூசனே நடித்தார்.

கதை சின்னது. ஒரு விவசாயியைக் கட்டிலிலேயே கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள். மனைவி மின்னி சிறையில். அவர் மேடைக்கு வருவதே இல்லை. அரச வழக்கறிஞரும் ஷெரிப்பும் ஓர் அயலவரும் ஆதாரம் தேடி வருகிறார்கள். (ஷெரிப் என்றதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நம்ம சந்தியில் கடை வைத்திருக்கும் ஷெரீப் நானா இல்லை, அங்கத்தைய பொலிஸ் பொறுப்பதிகாரி.) கூட வந்த இரண்டு மனைவிமாரும் குசினியிலேயே நிற்கிறார்கள். ஆண்கள் குசினியைச் சுற்றிப் பார்த்து, இங்கே சட்டி பானைதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்கும் தொழுவத்துக்கும் போகிறார்கள்.

பெண்கள் எதையும் தேடவில்லை. ஆனால் கண்ணில் படுகிறது. பாதி துடைத்து விட்ட மேசை. பெட்டிக்கு வெளியே கிடக்கும் பாண். குளிரில் வெடித்துப்போன ஜாம் போத்தல்கள். ஒட்டுத்துணிப் போர்வையில் அதுவரை நேராக வந்த தையல், ஓர் இடத்தில் மட்டும் கோணல்மாணலாக ஓடுகிறது. கதவு உடைந்த ஒரு குருவிக் கூடு. கடைசியில் தையல் பெட்டிக்குள், பட்டுத்துணியில் சுற்றியபடி, கழுத்து முறுக்கப்பட்ட ஒரு பாட்டுக் குருவி. மின்னி கல்யாணத்துக்கு முன் நன்றாகப் பாடும் பெண். அவருடைய வீட்டில் என்ன நடந்தது என்பது இரண்டு பெண்களுக்கும் விளங்கிவிடுகிறது. மிஸிஸ் ஹேலுக்கு இன்னொன்றும் விளங்குகிறது: கிட்டத்தில் இருந்தும் இத்தனை வருஷத்தில் நான் ஒருநாள் வந்து பார்க்கவில்லையே. பெட்டியை என்ன செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், நாடகத்துக்கு வந்து பாருங்கள்.

இனி என் விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை. வீட்டுப்பாடம் செய்வதில்லை, பிந்தி வருவாள், பாடத்தில் தூங்குவாள். தேர்ச்சி அறிக்கையில் 'கல்வியில் அக்கறை இல்லை' என்று எழுதினேன். வகுப்பின் முன்னால் இரண்டு தடவை ஏசியும் இருக்கிறேன். அவளுடைய மூத்தம்மா மௌத்தானபோது நானும் மனைவியும் போனோம். நான் முன்வாசலில் கதிரையில் இருந்து அவளுடைய வாப்பாவோடு கதைத்தேன். படிப்பைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று அந்த இடத்திலும் சொன்னேன். அவர் தலையாட்டினார். மனைவி உள்ளே போனவர்.

திரும்பி வரும் வழியில் மனைவி சொன்னார்: "உம்மா வெளிநாட்டில. சமையல் முழுக்க அந்தப் பிள்ளைதான். அடுப்புக்குப் பக்கத்தில ஒரு சின்ன வாங்கு, அதில கொப்பி. கொப்பி முழுக்க மஞ்சள் கறை. தம்பிக்குப் பால் கரைக்கிற போத்தலும் அதே வாங்கில. மூத்தம்மாக்கு மருந்து குடுக்கிற நேரத்தைக் கரியால சுவரில எழுதி வச்சிருக்கு, அவள்ட கையெழுத்து." பத்து நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்தது, ஒரு தவணை முழுக்க எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலப் பாடத்தில் மாணவனாக இந்த நாடகத்தைப் படித்துச் சோதனையும் எழுதியவன் நான். நல்ல புள்ளியும் எடுத்தேன்.

அறிக்கையில் எழுதியதைத் திருத்த முடியவில்லை. அது ஏற்கனவே கையெழுத்தாகிப் போய்விட்டது.

சூசனின் மீதிக் கதை. குழு நியூயோர்க்கில் மெக்டூகல் தெருவுக்குப் போனது. 1922 வரைக்கும் அவர் அவர்களுக்காகப் பதினொரு நாடகங்கள் எழுதினார். அதில் 1921இல் வந்த 'இன்ஹெரிட்டர்ஸ்' நம்மவர்கள் அறிய வேண்டியது. பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த இந்திய மாணவர்களுக்காக ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவி தன் குடும்பத்தையே பகைத்துக்கொண்டு சிறைக்குப் போகத் துணிகிற கதை. அரசை எதிர்த்துப் பேசியவர்களை அமெரிக்காவே சிறையில் தள்ளிய காலத்தில் அதை எழுதினார்.

1922இல் குக்கோடு கிரேக்கத்துக்குப் போனார். 1924இல் குக் அங்கேயே நோயில் இறந்தார். நாயிடமிருந்து தொற்றிய நோய். டெல்பியில் அடக்கம். சூசன் தனியே திரும்பி வந்து எழுதினார். 1931இல் 'அலிசன்ஸ் ஹவுஸ்' நாடகத்துக்குப் புலிட்சர் விருது கிடைத்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 1948இல் ப்ராவின்ஸ்டவுனிலேயே மரணம். அதற்குப் பிறகு பல வருஷம் பாடப்புத்தகங்களில் ஓ'நீலின் பெயர்தான் இருந்தது, சூசன் அவரைக் கண்டெடுத்த கூட்டத்தில் ஒருவராக ஒரு வரியில் வந்து போனார். 1970களுக்குப் பிறகுதான் பெண் ஆய்வாளர்கள் அவரைத் தேடியெடுத்துத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். என்னைக் கேட்டால், ஓ'நீலின் பல நீண்ட நாடகங்களைவிட இந்த அரை மணித்தியாலம் கனமானது. இதில் என்னோடு சண்டை பிடிக்க விரும்புபவர்கள் கீழே எழுதலாம்.

மேடைக்கு இன்னும் சில சாமான் தேவை. பழைய மரமேசை ஒன்று, மூடியுள்ள ஜாம் போத்தல் ஏழெட்டு, ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று, ஒரு குருவிக் கூடு. இருப்பவர்கள் வியாழனுக்கு முன் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். கூட்டின் கதவு உடைந்திருந்தால் திருத்த வேண்டாம். அப்படியே வரட்டும்.