கோணமலையிற் பதினான்கு நாள்

நீண்ட விடுமுறைக்குத் திட்டமிடுவோர் இருவகையினர். ஒரு சாரார் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிவைத்து, பாதி நாளைப் பேருந்திலேயே கழிப்பர். மற்றொரு சாரார் எதனையும் எழுதாது புறப்பட்டு, சென்றவிடத்திலே மழையைக் கண்டு திகைப்பர். இவ்விரு பிழைகளையும் ஒரே பயணத்திற் செய்த பெருமை நமக்குண்டு.

அது ஒரு மார்கழி விடுமுறை. திருகோணமலையிலே ஒரு கிழமை தங்குவதென்று குடும்பத்தோடு சென்றோம். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஓயவேயில்லை. கடல் கொந்தளித்தமையால் தோணிகள் கரையிலேயே கிடந்தன. கடலைப் பார்த்த அறை என்று சொல்லப்பட்ட விடுதி அறை, மதிலைப் பார்த்தபடி இருந்தது. மூன்றாம் நாள் நனைந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் பெரிதும் எதிர்பார்த்திருந்த கன்னியாவுக்குப் போகாமலே வீடு திரும்பினோம்.

கன்னியாவை அம்மா விரும்பியதற்குக் காரணம் உண்டு. நான்காண்டுகளுக்கு முன் ஐயாவின் முப்பத்தோராம் நாட் கிரியைகளை அங்கேதான் செய்தோம். அன்று அம்மா வீட்டில் இருந்தார். அந்த இடத்தை ஒருமுறை கண்ணாற் காணவேண்டும் என்பது அவர் ஆசை. வயதோ எழுபத்தெட்டு, முழங்கால்களும் சொற்கேட்பதில்லை. ஆகவே இம்முறை திட்டத்தைச் செம்மையாக வகுக்க வேண்டியதாயிற்று.

முதலில் மாதத்தைத் தீர்மானித்தோம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கீழ்க்கரைக் கடல் அமைதியாக இருக்கும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு இப்பக்கம் வறண்ட காற்றாகவே வந்து சேரும். எனவே ஆகஸ்ட் விடுமுறையே ஏற்றதாயிற்று. பின்பு நாட்காட்டியை விரித்துவைத்துப் பதினான்கு நாளையும் நிரப்பத் தொடங்கினோம். பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டியல் கொண்டுவந்தனர். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, பதினாலு நாளும் ஓடித்திரியப் போறியளோ? கன்னியாவை முதல்ல வை. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார். பட்டியல்கள் மடிக்கப்பட்டன.

பயணக் களைப்பு ஆறுதற்கு ஒரு நாள் விட்டு, மூன்றாம் நாள் விடியற்காலை கன்னியாவுக்கென ஒதுக்கினோம். நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். வெயில் ஏறுமுன் போய்விடலாம். சிறிய சதுரக் கிணறுகள் ஏழு. ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. வாளியால் அள்ளி வார்ப்பதே வழக்கம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஐதிகம். நிலத்தில் ஆழ ஊறிய மழைநீர், அங்குள்ள பாறைச் சூட்டில் வெம்மையுற்று வெடிப்புகளின் வழியே மேலெழுகின்றது என்பது விஞ்ஞானம். தாய்க்கு மகன் செய்த கடன் என்ற கதையே அம்மாவுக்குப் போதும்.

கோணேசர் கோயிலுக்கு ஒரு நாளன்று, மூன்று மாலைகள் வைத்தோம். பிரெட்ரிக் கோட்டை வாயிலிலிருந்து ஏறிச் செல்லும் பாதையைச் சிறிது சிறிதாக நடந்தாலன்றி அம்மாவால் இயலாது. வழியிலே புள்ளிமான்கள் மாடுகளைப் போல அச்சமின்றி நிற்கும். அவற்றிற்குத் தீனி கொடுப்போர் பொலித்தீன் பையையும் சேர்த்துப் போடுவது வருந்தத்தக்கது. சம்பந்தர் பாடிய பழங்கோயிலை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினர். அதன் பின்னரும் அடியார்கள் வெறும் பாறையில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்துவந்தனர். 1950இற் கிணறு தோண்டியபோது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. புதுக்கோயிலுக்கு 1963இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியிற் கடலுள் மூழ்கிக் கோயிற்றூண்களைக் கண்டனர்.

அக்கடலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவைத்தோம். கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடல் நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு நீருக்கடியிற் செல்கின்றது. கரைக்கு அண்மையிலேயே கடல் அத்துணை ஆழமாதலால் திமிங்கிலங்கள் இங்கே கிட்ட வருகின்றன. அந்நியக் கப்பற்படைகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்துறைமுகத்தை விரும்பியதற்கும் அவ்வாழம் ஒரு காரணம். நகரம் வேறு, இயற்கை வேறு என்று இங்கே பிரித்துத் திட்டமிடல் இயலாது.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்கு ஒரு காலை போதும். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அத்தீவைச் சூழ முருகைக்கற்கள் உள்ளன. அவற்றை மிதியாமல் நீந்துவதாக மூத்தவனிடம் வாக்குப் பெற்றுள்ளோம். அம்மா கரையில் நிழலில் இருப்பார். இதனையும் முன்னரே பேசி முடித்தோம். முதியோரைக் கேளாமல் தோணியேற்றுவது அன்பாகாது.

தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் ஒரே நாள். குளக்கோட்டன் கதையோடு தொடர்புடைய கந்தளாய்க் குளத்தின் நீரே தம்பலகாம வயல்களுக்குப் பாய்கின்றது. 1986இல் அதன் அணை உடைந்து பல உயிர்கள் மாண்டன. அணையில் நிற்கும்போது அதனையும் பிள்ளைகள் அறிய வேண்டும். மற்றொரு நாள் கிண்ணியா, மூதூர் வழியாக வெருகல் முருகனிடம். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் பாதைக்காகக் காத்து நின்ற நேரங்கள் நம் நினைவில் உள்ளன; பிள்ளைகளோ அதனைக் கதையாகவே கேட்கின்றனர்.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவருக்கு ஒரு குறிப்பு: நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சாள்ஸ் ஒஸ்டின், 1852இல் இறந்து இந்நகரத்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் எட்டிப்பார்க்கலாம்.

இவ்வளவும் சேர்த்தும் நாட்காட்டியில் ஐந்து நாட்கள் வெறுமையாகவே உள்ளன. யாருக்கேனும் காய்ச்சல் வரினும், ஒரு நாள் கடல் கலங்கினும், கன்னியாவுக்கு அம்மா மறுமுறை போக விரும்பினும் அவை உதவும். இளையவள் அவற்றையும் நிரப்பிவிடத் துடிக்கின்றாள். இம்முறை அறைக்கு முன்பணம் அனுப்புமுன், திருமலையிலுள்ள நண்பரைக் கொண்டு சன்னலைத் திறந்து பார்ப்பித்தோம். கடல் தெரிகின்றதாம். அம்மா வெள்ளைச் சேலை இரண்டைத் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். புறப்பட இன்னும் பதினொரு நாள் இருக்கின்றன.