வடக்கு வீட்டு முதலாளி



தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை இவ்வாரம் வாசித்து முடித்தேன். 1988-இல் நூலாக வந்த நாவல். ஆசிரியர் நம் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து வாழ்ந்தவர். 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்.

இஸ்லாமியர் வாழும் ஒரு கடற்கரைக் கிராமம். ஊரே தன் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்றிருக்கும் வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி. அவருக்குத் தலைவணங்க மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மகமூது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்த வந்து எதிர்ப்பைச் சந்திக்கும் ஆசிரியர் மகபூப்கான். (அந்த முதலாளியைத் திருச்சபைக் கமிட்டிகளிலும் நான் கண்டதுண்டு.)

சங்கரன்கோவிலில் இஸ்லாமியர் நமக்கு அந்நியர் அல்லர். ஆயினும் பண்டிகைக்குப் பிரியாணி வருவதோடு நம் அறிமுகம் நின்றுவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தினாள், பெரியவர் ஏன் ஜமாஅத்தாரோடு பேசுவதில்லை என்று நாம் அறியோம். ‘அவர்கள்’ என்ற ஒரே சொல்லில் அனைவரையும் அடக்கிவிடுகிறோம். பிறன் யார் என வினவிய நியாயசாஸ்திரிக்கு ஆண்டவர் இலக்கணம் கூறவில்லை, கதை சொன்னார். அக்கதையில் இரக்கம் செய்தவன், யூதர் சம்பந்தம் கலவாத சமாரியன். மகமூது ஊரில் தனித்து நிற்கும் பக்கங்களில், அவன் நம் சபையான் அல்லன் என்பது எனக்கு நினைவிற்கே வரவில்லை.

நூல் ஆலய நூலக அலமாரியில் இருக்கிறது. வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.