எங்கப்பாவின் குறட்டை

தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பீர்கள். நானும் முன்பு சிரித்தவள்தான்.

என் அப்பா பால் வண்டி டிரைவர். விடியற்காலை 3 மணிக்கே எழுந்து போவார். அவர் குறட்டை தெருமுனை வரை கேட்கும். "அசந்து தூங்குறான், தூங்கட்டும்" என்பார் பாட்டி.

கோடை விடுமுறையில் ஒருநாள் நானும் வண்டியில் போனேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போய், கேட்டும் திறந்தாச்சு. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்குகிறார்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டி ஓடும்போது தூங்கியிருந்தால்?

அன்று ராத்திரி விழித்திருந்து பார்த்தேன். குறட்டை திடீரென்று நின்றது. நெஞ்சு ஏறி இறங்குது, மூச்சு மட்டும் வரலை. மனதுக்குள் எண்ணினேன். 22 எண்ணியதும் திணறிக்கொண்டு மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. அப்பாவுக்கு எதுவுமே தெரியாது.

"வெளிய சொல்லாதடி, ஓனருக்குத் தெரிஞ்சா வண்டியப் பிடுங்கிடுவாரு" என்றார் அம்மா. ஆனால் அப்பா பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது கூடவே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அப்பா என்னோடு பேசவில்லை.

டாக்டர் விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது 'ஸ்லீப் ஆப்னியா'. ஒவ்வொரு முறையும் மூளை விழித்துக்கொள்வதால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூங்கினதாகாது. பிரஷரும் ஏறும். ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் ஒயர் மாட்டிச் சோதித்தார்கள். மணிக்கு 30 தடவை என்றாலே கடுமையாம். அப்பாவுக்கு 38!

இப்போது 'சிபாப்' மிஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மூக்கில் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, பாதையைத் திறந்தே வைக்கும். இந்த முறையை 1981இல் உலகுக்கு அறிவித்தவர் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடுமே! அதற்காக அம்மா, பனியன் முதுகுப் பக்கம் தம்பியின் பந்தை வைத்துத் தைத்துவிட்டார். மல்லாந்து படுத்தால் பந்து குத்தும். ஒருக்களித்துப் படுத்தால் அடைப்பு குறையும்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை அப்பா ஆறு வாரம் வண்டி எடுக்கவில்லை. வீட்டில் கஷ்டம்தான். மறுபடி வேலைக்குப் போன அன்று, "எண்ணத் தெரிஞ்ச பொண்ணு" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. ஆனால் நடுவில் மூச்சு நின்றால் சிரிக்காதீர்கள். எண்ணுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி